பனங்கள் குடிக்கும் சிம்பன்சி: பனையேறி வீட்டிலிருந்து ஒரு கேள்வி

நரிப்பையூரான் | செவ்வாய், இரவு 9.40

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பனைத்தொழில். நான் ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இன்னும் ஏறுகிறார். வயது அறுபத்தொன்று. இந்தப் பருவத்தில் இருபத்திரண்டு மரம். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். கடல் பக்கம் நிற்கும் இரண்டு மரங்களில் கலயம் பாதிக்கு மேல் காலி. கலயத்தின் வாயோரம் வழிந்து காய்ந்திருந்த சுண்ணாம்பில் நகம் பட்ட தடம். "மரநாய்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் அப்பா. அன்று இரவு அதைப் பற்றித் தேடப்போய், வேறொன்று கண்ணில் பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டில் சிம்பன்சிகள் பனங்கள்ளைத் திருடிக் குடிக்கின்றனவாம்.

இது உண்மையா, யாரோ கட்டிவிட்ட கதையா? அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கலயத்தை உடைக்குமா, உடைக்காதா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தொண்டிக்காரன் | செவ்வாய், இரவு 9.58

கள் குடித்த குரங்குக்குத் தேளும் கொட்டியது போல என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? தேளையும் அங்கே அனுப்பி வைத்துவிட வேண்டியதுதான்.


விலங்கியல் வாத்தியார் | புதன், காலை 6.15

தொண்டித் தம்பி, பழமொழி நன்றாக இருக்கிறது. ஆனால் அது குரங்குக்குச் சொன்னது. சிம்பன்சி குரங்கு அல்ல. வால் கிடையாது. கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன், மனிதன் ஆகியோர் இருக்கும் வரிசையில் அதுவும் ஒன்று. தமிழில் வாலில்லாக் குரங்கு என்று எழுதி எழுதியே இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டோம். முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பில் நானும் அப்படித்தான் கரும்பலகையில் எழுதினேன்.

நரிப்பையூர்த் தம்பிக்கு: செய்தி உண்மை. கினியின் தென்கிழக்கில் நிம்பா மலை அடிவாரத்தில் பொசூ என்று ஒரு சிற்றூர். ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தார் 1976 முதல் அங்கே சிம்பன்சிகளைக் கவனித்து வருகிறார்கள். ஊர்க்காரர்கள் ராஃபியா என்ற பனையின் உச்சியில் வெட்டு வைத்து, பிளாஸ்டிக் குடுவை கட்டி, தூசி விழாமல் மேலே இலை போட்டு மூடி வைப்பார்கள். மரம் ஏறி வரும் சிம்பன்சி அந்த மூடிய இலையை விலக்கும். பிறகு தானே கொஞ்சம் இலை பறித்து வாயில் போட்டு மெல்லும், விழுங்காது. கசங்கிச் சுருண்ட அந்த இலை உருண்டை பஞ்சு போல ஆகிவிடும். அதைக் குடுவைக்குள் விட்டு நனைத்து, எடுத்து வாயில் பிழியும். மறுபடி நனைக்கும். ஆகவே உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: கலயம் உடைவதில்லை.

1995 முதல் 2012 வரை பதினேழு ஆண்டுகளில் இப்படி 51 முறை குடித்ததைக் குறித்து வைத்தார்கள். கிம்பர்லி ஹாக்கிங்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2015இல் வெளியிட்டார்கள். அந்தக் கள்ளில் சாராயத்தின் அளவு சராசரியாக 3.1 விழுக்காடு, சில குடுவைகளில் 6.9 வரை போயிருந்தது. சில சிம்பன்சிகள் குடித்த கையோடு படுத்துவிட்டன. ஓர் ஆண் மட்டும், மற்றவை கூடு கட்டிப் படுத்த பிறகும், ஒரு மணி நேரம் மரத்துக்கு மரம் தாவி அலைந்துகொண்டிருந்தது. இந்த வகை ஆள் எல்லா ஊரிலும் உண்டு.


நரிப்பையூரான் | புதன், காலை 7.30

நன்றி சார். கலயம் உடைவதில்லை என்றதும் அப்பாவுக்குப் பாதிக் கோபம் தணிந்துவிட்டது. மீதிக் கோபம் குடுவையின் மேல். "சுண்ணாம்பு தடவவில்லை என்றால் வெயில் ஏறுவதற்குள் பொங்கிவிடும். அப்புறம் அது பதநீர் இல்லை, கள். தடவியிருந்தால் அந்தப் பிராணி ஏன் தள்ளாடப் போகிறது?" என்கிறார். சிம்பன்சியின் பக்கம் நியாயம் இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது.


தொண்டிக்காரன் | புதன், காலை 7.41

அங்கே சிம்பன்சிக்கே அனுமதி, இங்கே மனிதனுக்குத் தடை. இதுதான் நாட்டு நிலைமை.


நெறியாளர் | புதன், காலை 10.05

கள் தடை பற்றிப் பேசத் தனி இழை இருக்கிறது. இதன் பின் வந்த பதினொரு பதிவுகளை அங்கே நகர்த்திவிட்டேன். இங்கே சிம்பன்சி மட்டும்.


கீழக்கரைக் கப்பல் | புதன், மாலை 5.20

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குத் தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் பதினான்கு ஆண்டு வியாபாரம். 2011இல் கொள்முதல் விஷயமாக கிகோமா போயிருந்தபோது, இரண்டு நாள் மிச்சம் இருந்தது. ஓட்டலில் சும்மா கிடப்பானேன் என்று, சிம்பன்சிகள் வாழும் கோம்பே காட்டுக்குப் போனேன்.

டாங்கனீக்கா ஏரியில் படகு. ஏரி என்று சொல்கிறார்களே தவிர, நம் கண்ணுக்கு அது கடல்தான். உப்பு மட்டும் இல்லை. கரை நெடுக மணலில் டகா என்ற சிறுமீனைக் காயப் போட்டிருக்கிறார்கள். நெத்திலி போல இருக்கும், வாசமும் அதே வாசம். அமாவாசை இருட்டில் விளக்கு கட்டிப் பிடிப்பார்களாம். ஏர்வாடிக் கரையில் இறங்கிவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தடுமாறிப் போனேன். படகிலிருந்து கால் வைத்தவுடன் பபூன் குரங்குகள் பையைப் பிடித்து இழுக்க வந்தன. அவற்றுக்கு வால் உண்டு, வாத்தியார் கோபிக்க வேண்டாம்.

கோம்பே சின்ன இடம். ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக மலை, மலையிடுக்குகளில் காடு. வழிகாட்டி முதலில் கேட்ட கேள்வி, "இருமல் இருக்கிறதா?" என்பது. நம் சளி அவற்றுக்குத் தொற்றினால் செத்துவிடும். இருமுகிறவனை மேலே விடமாட்டார்கள். பணம் கட்டினாலும் சரி.

இரண்டு மணி நேரம் ஏறினோம். எதையும் பார்ப்பதற்கு முன் சத்தம் கேட்டது. முதலில் மெல்ல ஊ... ஊ... என்று மூச்சு வாங்குவது போல. பிறகு வேகம் கூடிக் கூடி, கடைசியில் அலறல். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து பதில் அலறல். எனக்கு முதுகுத்தண்டில் சில்லிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவித்துக்கொள்கிறார்கள் என்றார் வழிகாட்டி. ஒரு சமூகத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தாலும் எல்லாரும் ஒன்றாக நடப்பதில்லை. காலையில் நாலு பேர், மதியம் பத்து பேர், மாலையில் ஒரு தாயும் பிள்ளையும் தனியே. பிரிவதும் சேர்வதுமாகவே பொழுது போகும்.

அப்புறம் கரையான் புற்று. இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தாய், பக்கத்தில் மூன்று வயது மதிக்கத்தக்க பிள்ளை. அவள் ஒரு புல் தண்டை ஒடித்தாள். இலைகளை உதட்டால் உருவினாள். நுனி மடங்கியிருந்தது, கடித்துத் துப்பினாள். புற்றில் விரலால் ஒரு துளையைத் திறந்து, தண்டை மெல்ல, திருகித் திருகி உள்ளே விட்டாள். காத்திருந்தாள். உள்ளே காவல் கரையான்கள் தண்டைக் கவ்வும். வெளியே எடுக்கும்போது வேகமாக இழுத்தால் உதிர்ந்துவிடும். அவள் இடது மணிக்கட்டில் தண்டைத் தாங்கி, நிதானமாக இழுத்து, உதட்டால் வழித்தாள். தூண்டிலில் மீன் கடித்தது தெரிந்தும் அவசரப்படாதவன் கை போல இருந்தது. பிள்ளை, அவள் எறிந்த பழைய தண்டை எடுத்து, புற்றில் துளையே இல்லாத இடத்தில் குத்திக்கொண்டிருந்தது.

1960 நவம்பரில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் அம்மையார் முதன்முதலாகக் கண்டது இதைத்தான், இதே காட்டில். அந்த ஆண்டு ஜூலையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 26, பட்டம் கிடையாது. கருவி செய்வது மனிதன் ஒருவனே என்று அதுவரை பாடப் புத்தகங்களில் இருந்தது.


பாம்பன் பாலம் | புதன், இரவு 8.12

கீழக்கரைக் காக்கா, எழுத்தில் படகு ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு கேள்வி. ஏரிக்கரையிலேயே வாழ்கிற உயிர் நீந்துமா? மீன் பிடிக்குமா?


விலங்கியல் வாத்தியார் | வியாழன், காலை 6.02

நீந்தாது, அம்மா. உடம்பில் கொழுப்பு குறைவு, தசை அதிகம்; ஆழத்தில் விழுந்தால் அமிழ்ந்துவிடும். அதனால்தான் விலங்குக் காட்சி சாலைகளில் சிம்பன்சிக்குக் கம்பிக்கு மாற்றாகச் சுற்றி அகழி வெட்டுகிறார்கள். காங்கோ ஆறு இதற்குப் பெரிய சாட்சி. ஆற்றுக்கு வடக்கே சிம்பன்சி, தெற்கே போனோபோ. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். பத்து இருபது லட்சம் ஆண்டுகளாக நடுவில் அந்தத் தண்ணீர்.

ஆனால் இறங்கவே இறங்காது என்று எண்ண வேண்டாம். பாம்பன்காரரான உங்களுக்காகவே இரண்டு செய்தி வைத்திருக்கிறேன். கினியில் பக்கூன் என்ற இடத்தில் தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்ததில், கோடைக்காலத்தில் சிம்பன்சிகள் ஓடைக்கும் குட்டைக்கும் வந்து நீண்ட குச்சியால் பாசி எடுக்கின்றன. சில குச்சிகள் நான்கு மீட்டர் நீளம்கூட. குச்சியை அடித்தட்டில் படியவிட்டு, சுழற்றி, வெளியே இழுத்து, தொங்கும் பச்சைப் பாசியை உதட்டால் உருவித் தின்னும். 2016இல் வெளிவந்த ஆய்வு அது. இன்னொன்று நிம்பா மலையில். சின்ன ஓடைகளில் கல்லைப் புரட்டி, இலைச் சருகைக் கிளறி நண்டு பிடித்துத் தின்கின்றன. அதிலும் பெரிய ஆண்களைவிடத் தாய்களும் பிள்ளைகளும்தான் அதிகம்.


பாம்பன் பாலம் | வியாழன், காலை 9.47

சார், இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா முப்பத்தைந்து ஆண்டாகப் பாசிக்குப் போகிறவர். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, காலில் தகரத் தட்டைக் கட்டி உந்திக்கொண்டு முங்குவார். கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால்தான் பறிக்க வேண்டும். அவர் விரல் நுனிகளில் ரேகையே இல்லை. ஆதார் எடுக்கப் போனபோது இயந்திரம் மூன்று தடவை மறுத்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "கம்பை விட்டா எடுக்கிறது? அப்படியானால் மேலே மிதக்கிற பாசி மட்டும்தான் வரும். கல்லில் பிடித்தது வராது." சரியாகச் சொன்னாரா சார்?

இரண்டாவது கேள்வி: "தினமுமா எடுக்கும்?" எங்கள் ஊர்ப் பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்து மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் கடலில் இறங்குகிறார்கள். பாசிக்கும் வளர நாள் வேண்டும்.


விலங்கியல் வாத்தியார் | வியாழன், காலை 11.30

கல்லில் பிடித்தது வராது என்று அம்மா சொன்னது சரி. அங்கே எடுப்பது நன்னீரில் நூல் நூலாகப் படர்ந்து கிடக்கும் ஸ்பைரோகைரா என்ற பாசி. பத்தாம் வகுப்பில் நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்களே, சுருள் சுருளாகப் பச்சை நாடா ஓடும். இரண்டாவது கேள்விக்கு: வறண்ட மாதங்களில்தான். தண்ணீர் வற்றித் தெளிந்து பாசி படரும்போது.


தொண்டிக்காரன் | வியாழன், மதியம் 1.15

எல்லாரும் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறீர்கள். எனக்கு வந்த ஒரு வீடியோவில் சிம்பன்சி கால்சட்டை போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்து, கை கொடுக்கிறது. பார்க்கப் பாசமாக இருக்கிறது. பணம் இருந்தால் வீட்டில் ஒன்று வளர்க்கலாம் போல. பலசாலி என்கிறார்கள், மனிதனைப் போல ஐந்து மடங்காமே?


மண்டபம் மாணவி | வியாழன், மதியம் 2.40

அண்ணன், அது சிரிப்பு இல்லை. மேல் பல் கீழ்ப் பல் இரண்டும் தெரிய உதட்டை இழுத்துக் காட்டுவது அதற்குப் பயம் வந்ததன் அடையாளம். விளையாட்டாக மகிழும்போது வாயைத் திறக்கும், மேல் உதடு பல்லை மூடியிருக்கும். அந்த வீடியோவில் கேமராவுக்குப் பின்னால் யார் நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்து மடங்கு என்பதும் பழைய பேச்சு. 2017இல் தசையை அளந்தே பார்த்தார்கள். ஒரே அளவு தசையை வைத்து ஒப்பிட்டால் ஏறக்குறைய 1.35 மடங்கு. அதுவே போதும், வளர்ந்த ஆண் ஒன்று கோபப்பட்டால் உங்கள் வீட்டில் யாரும் முழுசாக இருக்கமாட்டார்கள்.

குட்டி எப்படி விலைக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயைச் சுட்டால்தான் குட்டி கைக்கு வரும், உயிரோடு விடமாட்டாள். எட்டு மாதம் சுமந்து பெற்று, நான்கைந்து வயது வரை பால் கொடுத்து, இரவில் தன் கூட்டிலேயே படுக்க வைத்து வளர்ப்பவள் அவள். ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு பிள்ளைதான். முதல் பிள்ளை பிறக்கவே அவளுக்குப் பதின்மூன்று பதினான்கு வயது ஆகிவிடும். ஆகவே ஒரு தாய் போனால் அந்தக் காட்டில் அந்த இடம் நிரம்ப இருபது ஆண்டு பிடிக்கும். ஆப்பிரிக்கா முழுவதும் மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 1,70,000 முதல் 3,00,000 வரை என்று மதிப்பிடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் சிம்பன்சி அழிவின் விளிம்பில் இருப்பதாக 2016இல் அறிவித்தார்கள்.

பார்க்க ஆசை என்றால் வண்டலூருக்குப் பஸ் ஏறுங்கள்.


தொண்டிக்காரன் | வியாழன், மதியம் 2.55

சரி தங்கச்சி. அந்த வீடியோவை அழித்துவிட்டேன். நான் பத்து பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அதை என்ன செய்வது?


நரிப்பையூரான் | வியாழன், இரவு 9.05

கூடு என்றீர்களே, பறவைக் கூடு போலவா?


கீழக்கரைக் கப்பல் | வியாழன், இரவு 9.30

நான் கீழிருந்து பார்த்தேன் தம்பி. கிளைகளை நடுவை நோக்கி மடக்கி, ஒன்றின் மேல் ஒன்று பின்னி, மேலே இலைக்கொத்தைப் பரப்பி ஒரு மெத்தை. கட்டி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாதாம். நேற்று படுத்த கூட்டில் இன்று படுப்பது அபூர்வம். பொழுது சாயும் இடத்தில் புதிதாக ஒன்று. ஆய்வாளர்கள் கூட்டை எண்ணித்தான் காட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போடுகிறார்கள், ஏனென்றால் ஆள் கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவி எழுதியதைப் படித்தால் சாது என்று தோன்றும். சாது இல்லை. கோம்பேயிலேயே 1974 முதல் 1978 வரை ஒரு போர் நடந்தது. ஒரே சமூகம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே கசக்கேலா, தெற்கே கஹாமா. நேற்று வரை ஒருவர் முதுகில் ஒருவர் பேன் பார்த்தவர்கள். வடக்கத்தி ஆண்கள் கூட்டமாக, சத்தம் போடாமல் எல்லைக்குப் போய், தனியாகச் சிக்கியவனை அடித்துக் கொன்றார்கள். நாலு ஆண்டில் கஹாமா ஆண்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. குடால் அம்மையாரே இதை நம்ப முடியாமல் வெகுநாள் தவித்தார். நமக்கு வரப்புத் தகராறு புதிதா என்ன?


விலங்கியல் வாத்தியார் | வெள்ளி, காலை 6.20

வரப்புத் தகராறு என்றது சரியான சொல். உகாண்டாவின் கிபாலே காட்டில் உங்கோகோ என்ற பெரிய சமூகம். பத்தாண்டு காலம் பக்கத்துச் சமூகத்தாரைத் தாக்கிக் கொன்று, 2009இல் அவர்கள் நிலத்தையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. எல்லை 22 விழுக்காடு விரிந்தது. அங்கே பழமரங்கள் இருந்தன. காரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

இதில் ஒரு குடும்ப வழக்கமும் சேர்ந்திருக்கிறது. ஆண் பிறந்த மண்ணை விட்டுப் போவதில்லை. பெண்தான் பருவம் வந்ததும் பெரும்பாலும் வேறு சமூகத்துக்குப் புகுந்துகொள்கிறாள். அப்பன், பிள்ளை, அண்ணன், தம்பி என்று பங்காளிகள் கூடி எல்லை காக்கிறார்கள். எனக்கு என் அப்பா ஊர் ஞாபகம் வருகிறது. அதற்கு மேல் எழுதினால் வீட்டில் சண்டை வரும்.


தொண்டிக்காரன் | வெள்ளி, காலை 8.00

பங்காளி என்றதும் கேட்கிறேன். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் அது ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?


விலங்கியல் வாத்தியார் | வெள்ளி, காலை 8.25

நீ உன் சித்தப்பா மகனிடமிருந்தா பிறந்தாய்? இருவருக்கும் ஒரே பாட்டன். அவ்வளவுதான். அந்தப் பாட்டன் வாழ்ந்தது அறுபது எழுபது லட்சம் ஆண்டுக்கு முன். சொத்து பிரிந்த பிறகு இரு வீட்டாரும் அவரவர் வழியில் மாறினார்கள். மாறாத சொத்தும் உண்டு: சாராயத்தைச் செரிக்கும் ஒரு நொதி. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுக்கு முன் கொரில்லா, சிம்பன்சி, மனிதன் மூவருக்கும் பொதுவான மூதாதையிடம் அது பல மடங்கு திறமையாக மாறியது. தரையில் விழுந்து புளித்த பழத்தைத் தின்று பிழைத்தவர்கள் அவர்கள். ஆகவே பொசூக் குடுவையில் நடப்பது நேற்றுத் தொடங்கியது அல்ல.


பாம்பன் பாலம் | வெள்ளி, மாலை 4.10

நம் மாவட்டம் போல வறண்ட இடத்தில் சிம்பன்சி பிழைக்குமா சார்? இங்கே சீமைக்கருவேலத்தைத் தவிர என்ன இருக்கிறது?


மண்டபம் மாணவி | வெள்ளி, மாலை 5.02

சீமைக்கருவேலக் காட்டில் பிழைக்காது அக்கா. பழ மரம் வேண்டும், முக்கியமாக அத்தி வகை. ஆனால் சிம்பன்சி என்றால் அடர்ந்த மழைக்காடு மட்டும்தான் என்பதும் இல்லை. செனகலில் ஃபோங்கோலி என்ற இடம். ஆண்டில் ஏழு மாதம் மழையில்லை, வெயில் நாற்பது பாகையைத் தாண்டும். புல்வெளியும் சிதறிய மரங்களும். அங்கே ஒரே சமூகம் நூறு சதுர கிலோமீட்டர் அளவுக்கு அலைந்தால்தான் வயிறு நிறையும். நண்பகலில் குகைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். முதல் மழையில் தேங்கிய குட்டையில் இடுப்பளவு உட்கார்ந்துகொள்ளும். நீந்தத் தெரியாவிட்டால் என்ன, குளிர்ந்தால் போதும்.

அங்கேதான் ஈட்டியும் செய்கின்றன. கிளையை ஒடித்து, பட்டை உரித்து, பல்லால் நுனியைக் கூராக்கி, மரப்பொந்தில் பகலில் உறங்கும் தேவாங்கு போன்ற ஒரு சிறு விலங்கைக் குத்துகின்றன. 2007இல் ஜில் புரூட்ஸ் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். குச்சியால் வேட்டையாடுவதில் பெண்கள்தான் முந்துகிறார்கள்.


நரிப்பையூரான் | சனி, இரவு 8.45

ஊரிலிருந்து எழுதுகிறேன். மூன்று நாளாக நீங்கள் எழுதியதை எல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் போர், ஈட்டி எதுவும் பிடிக்கவில்லை. கரையான் புற்றருகே துளையில்லாத இடத்தில் குத்திக்கொண்டிருந்த பிள்ளையை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"அம்மாக்காரி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பாளா?" என்று கேட்கிறார்.


விலங்கியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 6.40

அருமையான கேள்வி. பெரும்பாலும் மாட்டாள். பொசூவில் எண்ணெய்ப்பனைக் கொட்டையை உடைப்பதை வைத்து விளக்குகிறேன். ஒரு கல் கீழே, கொட்டை அதன் மேல், இன்னொரு கல் கையில். கீழ்க்கல் ஆடினால் அதற்கு அண்டையாக ஒரு சிறு கல்லைச் செருகுவதும் உண்டு. நமக்கு எளிதாகத் தெரிகிறது. சிம்பன்சிப் பிள்ளைக்கு மூன்று வயதுக்கு மேல்தான் கொஞ்சம் பிடிபடத் தொடங்கும். அதுவரை கொட்டையைக் காலால் மிதிக்கும், வெறும் கல்லில் கல்லைத் தட்டும், கொட்டையில்லாமலே அடிக்கும். ஏழு வயதுக்குள் வரவில்லை என்றால் பிறகு வருவது அரிது.

அத்தனை ஆண்டும் தாய் சொல்லிக்கொடுப்பதில்லை, விரட்டுவதும் இல்லை. பிள்ளை முகத்தை அவள் கைக்கு நாலு விரல் தூரத்தில் வைத்துப் பார்க்கும். அவள் உடைத்த பருப்பைத் திருடும். விட்டுவிடுவாள். கரையான் புற்றில் பெண் பிள்ளைகள் தாயையே உற்றுப் பார்த்துச் சீக்கிரம் கற்கின்றன. ஆண் பிள்ளைகள் புற்றடியில் உருண்டு விளையாடிவிட்டு இரண்டு ஆண்டு பின்தங்கிக் கற்கின்றன. எனக்கு இதில் எந்த வியப்பும் இல்லை.

ஐவரி கோஸ்டில் டாய் (Taï) என்ற காட்டில் மண்ணைத் தோண்டியபோது சிம்பன்சிகள் கொட்டை உடைத்த கற்கள் கிடைத்தன. 4,300 ஆண்டுப் பழமை. கிழக்கே பல காடுகளில் அதே கொட்டை உண்டு, கல்லும் உண்டு, உடைப்பார் இல்லை. பார்த்துக் கற்க ஆள் இல்லாத ஊரில் அந்தக் கை வராது.


பாம்பன் பாலம் | ஞாயிறு, காலை 9.15

பொசூவில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் சார்?


விலங்கியல் வாத்தியார் | ஞாயிறு, காலை 9.50

ஒரு காலத்தில் இருபது பேர். இப்போது பத்துக்கும் கீழே. 2003இல் ஒரு சளிக்காய்ச்சல் வந்து ஐந்து பேரைக் கொண்டுபோயிற்று. அவற்றில் இரண்டு கைக்குழந்தைகள், ஜிமாட்டோ, வேவே. தாய்கள் அந்த உடல்களைக் கீழே போடவில்லை. வெயிலில் உலர்ந்து தோல் போல ஆன பிறகும் முதுகில் சுமந்தார்கள். ஈ மொய்த்தால் விரட்டினார்கள், கூட்டில் அருகே கிடத்தினார்கள். வேவேயின் தாய் 19 நாள். ஜிமாட்டோவின் தாய் 68 நாள்.

அந்த ஊர் மனோன் மக்கள் சிம்பன்சியைத் தங்கள் குலத்து முன்னோராக மதிக்கிறார்கள், கொல்லமாட்டார்கள், தின்னமாட்டார்கள். நம் கோவில்காடு போல ஒரு குன்று அவற்றுக்கு. அப்படியிருந்தும் குறைந்துவிட்டன. சுற்றிலும் வயலும் சாலையும். சாலையைக் கடக்கும்போது பெரிய ஆண் ஒன்று முன்னால், இன்னொன்று கடைசியில். நடுவில் தாயும் பிள்ளைகளும்.


பாம்பன் பாலம் | ஞாயிறு, காலை 10.30

68 நாள். அம்மாவிடம் இதைப் படிக்கவில்லை. அண்ணன் கடலில் போனவன்.


நரிப்பையூரான் | ஞாயிறு, மாலை 3.20

அக்கா, என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அப்பாவின் கேள்வி ஒன்று பாக்கி. கேட்காமல் விடமாட்டேன் என்கிறார். அவருக்குக் காலில் தளைநார் வேண்டும். அது இல்லாமல் சிம்பன்சி எப்படி ஏறுகிறது? ஏறுவதை விடுங்கள், எப்படி இறங்குகிறது? "இறங்கும்போதுதான் ஆள் விழுவான்" என்கிறார்.


மண்டபம் மாணவி | ஞாயிறு, மாலை 3.41

இதற்கு நான் பதில் சொல்கிறேன், சார் பொறுத்துக்கொள்ளுங்கள். சிம்பன்சி பாதத்தில் பெருவிரல் கட்டைவிரல் போல விலகி நிற்கும், மரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது மட்டும் இல்லை. கணுக்காலை முழங்கால் பக்கமாக 45 பாகை வரை மடக்க முடியும். அதனால் பாதத்தை மரத்தில் பதித்தபடி உடம்பை மரத்தோடு ஒட்டிவைத்து ஏறுகிறது. இறங்கும்போது காலை முன்விட்டுப் பின்புறமாக வருகிறது. நமக்குச் சாதாரணமாக இருபது பாகை வந்தாலே பெரிது.

ஆனால் உகாண்டாவில் தேனுக்காக மரம் ஏறும் துவா மக்களை அளந்தபோது, அவர்களுக்கும் கணுக்கால் சிம்பன்சி அளவுக்கு மடங்கியது. எலும்பில் வேறுபாடு இல்லை. கெண்டைக்கால் தசை நார்கள்தான் மற்றவர்களுக்கு இருப்பதைவிட நீளம். சின்ன வயதிலிருந்தே ஏறி ஏறி அப்படி ஆகியிருக்க வேண்டும். 2013இல் வந்த ஆய்வு. உங்கள் அப்பா எத்தனை வயதில் ஏறத் தொடங்கினார்?


நரிப்பையூரான் | ஞாயிறு, மாலை 4.08

பதினொன்று. தாத்தா சொல்லிக்கொடுக்கவில்லையாம். மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னாராம், ஒரு பருவம் முழுக்க.

மகளின் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து அளந்து பார்த்தோம். திண்ணையில் உட்கார வைத்து, பாதத்தைச் சுவரில் ஊன்றி. எனக்குப் பதினெட்டு. அப்பாவுக்கு முப்பத்தெட்டு. மகள் நம்பாமல் இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்றாள். அப்பா காலை இழுத்துக்கொண்டார். "மணி நாலாகிவிட்டது, பாளை சீவ வேண்டும்" என்று சொல்லிவிட்டு அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடல் பக்கத்து இரண்டு மரங்களுக்கு இன்று முள் கட்டப் போகிறாராம், மரநாய்க்கு.

மகள் பின்னாலேயே போயிருக்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்து பார்க்கப் போகிறாளாம்.